தேர்ச்சி விகிதம் காட்டாத வாசிப்புக் குறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் மாவட்டவாரித் தேர்ச்சி விகிதங்களைத் தங்கள் நாளிதழ் விரிவாக வெளியிடுகிறது. 2025-இல் மாநிலத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. எந்த மாவட்டம் முந்தியது, எது பிந்தியது என்று பேசும் நாம், அதே மாவட்டத்தில் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறதா என்று கேட்பதில்லை. தொடக்கப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், கற்றல் சரிவு தொடங்கும் இடம் அதுவே என்பதை எழுத விரும்புகிறேன்.

தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் கழித்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் 2018-இல் 25.9 விழுக்காடாக இருந்து 2022-இல் 11.2 விழுக்காடாகக் குறைந்ததாக, ஊரகக் குழந்தைகளின் வாசிப்பு, கணக்குத் திறனை வீடுவீடாகச் சோதிக்கும் ‘அசர்’ ஆய்வு காட்டியது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன என்பது உண்மையே. ஆனால் கொரோனாவுக்கு முந்தைய 2018-இலேயே நான்கில் மூன்று குழந்தைகளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

சரிவை மீட்க முடியும் என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்த பொருளியல் ஆய்வாளர்கள், பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் ஈடானதாகவும், அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு தமிழ்நாடு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் விளைந்ததாகவும் கணக்கிட்டனர். டியூஷனுக்குப் பணம் கட்ட இயலாத வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்துத் தெருத் தன்னார்வலர் ஒருவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கியதன் பயன் அது.

ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு சிறுமியை இன்னும் மறக்கவில்லை. புத்தகத்தைக் கையில் பிடித்து முழுப் பாடத்தையும் பிழையின்றி ஒப்பித்தாள். விரல் மட்டும் வேறு வரியில் இருந்தது. படிக்காத பக்கம் ஒன்றைத் திறந்து கொடுத்தபோது தலைகுனிந்து நின்றாள். அவளுடைய பெற்றோர் விடியுமுன் நடவு வேலைக்குச் செல்பவர்கள். வீட்டில் கேட்டறிய யாருமில்லை. பள்ளியிலோ ஐந்து வகுப்புகளுக்கு நாங்கள் இருவர். எழுத்துத் தேர்வுகளில் அவள் தொடர்ந்து தேர்ச்சி பெற்றிருந்தாள் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்க முனைந்ததை வரவேற்கிறேன். ஆனால் கற்பிக்கும் ஆசிரியரே செயலியில் பதிவேற்றும் வளரறி மதிப்பீட்டை (கற்பிக்கும்போதே இடையிடையே செய்யும் மதிப்பீட்டை) மட்டும் நம்பி அதன் பலனை அளக்கக் கூடாது. வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆண்டுக்கு இரு முறை வந்து, ஒவ்வொரு குழந்தையையும் தனியே அமர்த்தி, புதிய பத்தி ஒன்றை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குழந்தைக்குச் சில நிமிடங்கள் போதும். முடிவுகள் ஆசிரியரைத் தண்டிக்கப் பயன்படாது என்ற உறுதியும் வேண்டும். அது இல்லையேல் உண்மையான எண்கள் மேலே போகா.

அம்முடிவுகளை ஒன்றியவாரியாக வெளியிடுவதோடு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், மலைப்பகுதிகளின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், ஈராசிரியர் பள்ளிகள் ஆகியவற்றின் நிலையைத் தனித்தனியே காட்டவும் பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். மாநிலச் சராசரி ஒன்றை மட்டும் வெளியிட்டால், கூடுதல் ஆசிரியர் முதலில் எந்தப் பள்ளிக்குத் தேவை என்பது அதில் தெரியாது. பொதுத்தேர்வு முடிவுகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றைத் தங்கள் நாளிதழ் இந்த விவரங்களுக்கும் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர் மாவட்டம்.