கிணற்றுப் பாசியில் ஒரு கோடு

ஒட்டுசுட்டான்,
ஐப்பசி, முதல் மழை பெய்த கிழமை

அன்புள்ள வதனி,

நான் சுகம். அம்மாவும் சுகம், முழங்கால் மட்டும் வழமைபோல. நீ வைகாசியில் எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள். பெரியக்காவின் மகளுக்குத் தையில் கல்யாணம். கட்டையன் வவுனியாவில் கடை போட்டுவிட்டான், கல்லாவில் இருக்கிறபோதும் அந்த விசிலை விடவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் உன் பேரிலும் கற்பூரம் கொளுத்தினேன். செய்தி முடிந்தது. இனி நான் எழுதவந்த விசயம்.

போன செவ்வாய்க்கிழமை முதல் பாடம் தொடங்க முதலே எட்டாம் வகுப்புப் பெடியன் ஒருவன் சொப்பிங் பையோடு என் மேசைக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது. பைக்குள் நட்சத்திர ஆமை ஒன்று. கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு மேட்டிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரியுமே, அதுதான். கால்கள் வெளியே தொங்கின, கழுத்து நீண்டு கிடந்தது. தூக்கியதும் மூக்காலும் வாயாலும் தண்ணீர் வழிந்து என் பதிவுப் புத்தகத்தில் சொட்டியது.

மழைக்கு வெளியே வந்ததை வயல் வரம்பில் கண்டு, ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். இரவு தங்கள் வீட்டுக் கிணற்றில் விட்டிருக்கிறான். விடிய வாளி போடப் போன தாய்தான் கண்டிருக்கிறா. ஏன் கிணற்றில் விட்டாய் என்று கேட்டேன். "நீங்கள்தானே ரீச்சர் சொன்னனீங்கள், ஆமை விட்டா கிணறு சுத்தமாகுமெண்டு" என்றான்.

சொன்னேன் வதனி. அவன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நீர்வாழ் உயிரினங்கள் படிப்பிக்கையில் சொன்னேன். எங்கள் அப்பு சொன்னதை, அவருக்கு அவருடைய அப்பு சொன்னதை, ஒரு நாளும் யோசிக்காமல் சோக்குக் கட்டியோடு நின்று சொன்னேன். குளத்து ஆமை வேறு, தரை ஆமை வேறு என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. அதோடு போனிலும் யாரோ ஆமையைத் தொட்டிக்குள் நீந்த விட்டுப் பாட்டுப் போட்ட வீடியோ ஒன்றை அவன் பார்த்திருக்கிறான். ரீச்சரும் சொல்லி, வீடியோவும் காட்டினால் பிள்ளை பிறகு என்ன செய்யும்?

பின்னேரம் அந்த வீட்டுக்குப் போனேன். கட்டுக் கிணறு, மழைக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவர்ப் பாசியில் வட்டமாக ஒரு கோடு. கிணற்றைச் சுற்றி முழுவதும். நகத்தால் விறாண்டி விறாண்டி, ஏற இடம் தேடிச் சுற்றியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் கோடு தடித்துக் கிடந்தது. அங்கே ஒரு கல் கொஞ்சம் வெளியே துருத்தியிருக்கிறது. அதில் காலை வைக்கப் பார்த்திருக்கும். அந்தக் கோட்டை என்னால் மறக்க முடியவில்லை.

நட்சத்திர ஆமைக்கு யானைக் கால்மாதிரி கட்டைக் கால். குளத்து ஆமைக்கு விரல்களுக்கிடையில் இருக்கிற சவ்வு அதற்கு இல்லை. ஓடோ குவிந்த பாரம். எங்களைப்போல நுரையீரலால் மூச்சுவிடுகிற உயிர், ஆழத் தண்ணீரில் விட்டால் கொஞ்சநேரம் தத்தளித்து, களைத்துத் தாழும். அது பற்றைக் காட்டிலும் புல்வெளியிலும் திரிந்து புல்லும் இலையும் விழுந்த பழமும் தின்பது. ஒரு தட்டத்துத் தண்ணீர் அதற்குத் தாராளம்.

குளத்து ஆமையையாவது கிணற்றில் விடலாமா என்று பிறகு யோசித்தேன். அதுவும் பிழைதான். கரை ஏறி வெயில் காய இடமில்லை, முட்டையிட மண் இல்லை. சுத்தம் என்கிறோம், அது கழிப்பதும் நாங்கள் குடிக்கிற அந்தத் தண்ணீரில்தானே? ஆமைகள் சல்மொனெல்லாக் கிருமியைக் காவும். சின்னப் பிள்ளைகளுக்கு அது தொற்றுகிறது என்றுதான் 1975இல் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதைத் தடைசெய்தார்கள். உன் மகனிடமும் சொல்லிவை, ஊர்வனவெல்லாம் அப்படித்தான், அவன் வளர்க்கிற ஓணானைத் தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும்.

அவனுடைய அவுஸ்திரேலிய ஓணானுக்கு நான் பிறகு வருகிறேன். ஓணான் என்றாலே இராமருக்குத் தண்ணிக்குப் பதிலாக மூத்திரம் கொடுத்தது என்று கல் எறிந்தவள் நீ. இப்போது அதுக்கு வெள்ளரிக்காய் அரிந்து கொடுக்கிறாய் என்று வாசித்துச் சிரித்தேன். சந்தோசமாகவும் இருந்தது.

இந்தச் சாவுக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளிடம் கேட்டேன், யார் யார் வீட்டில் ஆமை இருக்கிறது என்று. ஐந்து கை உயர்ந்தது. ஐந்து வீட்டுக்கும் சைக்கிளில் போனேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று எங்களைப் பேய்க்காட்டினார்களே, இப்போது அதே ஊரில் ஆமை இருந்தால் வெளிநாட்டுக் காசு வரும் என்கிறார்கள். இரண்டும் ஆமையைக் கேட்டுச் சொன்னதில்லை.

ஒரு வீட்டில் அது கட்டிலுக்குக் கீழே, பிளாஸ்ரிக் பேசினுக்குள். சோறு, பாண், பாலில் நனைத்த பிஸ்கற் சாப்பாடு. "நல்லாத் தின்னுது ரீச்சர், ஒரு வருசமா இருக்கு" என்றா அந்தப் பிள்ளையின் அம்மம்மா, பெருமையோடு. ஓடு பளபளத்தது. என்னவென்று கேட்டால் கிழமைக்கு ஒருக்கால் தேங்காயெண்ணெய் பூசுகிறார்களாம், ஓடு பலக்குமென்று போனில் வந்ததாம். நான் ஓட்டின் ஓரத்தைப் பெருவிரலால் மெல்ல அமத்தினேன். நனைந்த மட்டைப் பெட்டிபோல உள்ளே போனது. ஆமை காலை இழுத்துக்கொண்டது.

அதற்கு நொந்தது வதனி. ஓடு என்பது அது சுமக்கிற வீடு என்று எங்களுக்குக் கதை சொன்னார்கள். வீடு இல்லை, உடம்பு. முள்ளந்தண்டும் விலா எலும்பும் ஒன்றாகி விரிந்ததுதான் ஓடு. நரம்பும் இரத்தமும் ஓடுகிற இடம். இன்னொரு வீட்டில் ஓட்டின் விளிம்பில் துளை போட்டு நைலோன் கயிறு கட்டியிருந்தார்கள், ஓடிப்போகாமல். கொடுமை செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், அன்பாகத்தான் கட்டியிருந்தார்கள். அதுதான் என்னை வாட்டுகிறது.

ஓடு ஏன் மெத்தென்று போனது? கல்சியம் சேரவில்லை. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பட்டால்தான் அதன் தோலில் விற்றமின் டி3 உண்டாகும், அது இல்லாமல் எத்தனை முட்டைக்கோதைப் பொடித்துக் கொடுத்தாலும் எலும்பில் பிடிக்காது. வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமா? வாசலுக்கு வெளியே மண் கொதிக்க, கட்டிலுக்குக் கீழே ஓர் ஆமை வெயில் இல்லாமல் உருகிக்கொண்டிருக்கிறது. பூசுகிற எண்ணெயோ ஓட்டைப் பலப்படுத்தாது. புழுதியைப் பிடித்து வைத்துப் பூஞ்சணத்துக்குத்தான் இடம் கொடுக்கும்.

நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், நீ சொல் சரியா என்று. கோழிக்குப் பிழையான தீன் போட்டால் நாலு நாளில் தெரிந்துவிடும். நாய்க்கு வருத்தம் என்றால் ஊளையிடும். ஊர்வன அப்படி இல்லை. உடம்புச் சூட்டை வெளியில் இருந்து எடுக்கிற உயிர்கள், குறையத் தின்னும், குறைய மூச்சுவிடும், எல்லாம் ஆறுதல். சாவதும் ஆறுதல். பிழையாக வளர்த்தாலும் மாதக்கணக்கில், சிலவேளை வருசக்கணக்கில், நல்லாய் இருக்கிறமாதிரியே கிடக்கும். அதற்குள் "நான் இப்படித்தான் வளர்க்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று வளர்க்கிற மனிசன் வீடியோ போட்டுவிடுவான். அம்மம்மாவின் "ஒரு வருசமா இருக்கு" என்பதும் அதுதான். உடனே கொல்லாத பொய் என்பதால்தான் அது உண்மைபோல நிற்கிறது.

பாம்புக்கடியும் அப்படித்தானே நின்றது? உன் சின்னண்ணாவை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. கொட்டில், நிலத்தில் பாய், விளக்கும் இல்லை. எட்டடி விரியன் கடித்தால் நோவே பெரிதாகத் தெரியாது என்று எங்களில் எவருக்குத் தெரியும்? வயிற்றுக்குத்து என்றார், ஓமத்தண்ணி கொடுத்தோம். விடியக் கண்மடல் கீழே விழுந்துவிட்டது. அதன் பிறகும் விஷக்கல் தேடி ஓடினோம். அந்தக் கல் கருக்கின எலும்பு. ஈரத்தை உறிஞ்சுவதால் புண்ணில் ஒட்டுகிறது, இரத்தத்தில் கலந்த விஷத்தை அதற்குத் தெரியாது. 2016இல் வெளிவந்த ஆய்வில் இலங்கை முழுவதற்கும் கணக்கெடுத்திருந்தார்கள். ஒரு வருசத்தில் ஏறத்தாழ 80,000 பேருக்குக் கடி, விஷம் ஏறியது 30,000 பேரளவில், செத்தவர்கள் 400க்கு மேல். பார், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விஷமே ஏறவில்லை. அவர்கள் கல்லை வைத்தாலும் தப்புவார்கள், வைக்காவிட்டாலும் தப்புவார்கள். தப்பியவர்கள் ஊருக்கெல்லாம் சொல்வார்கள். சின்னண்ணா சொல்ல வரவில்லை.

உனக்கு இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் அதுவும் பிழை என்று பட்டது. நான் சாமி கும்பிடாதவள் இல்லை, உனக்குத் தெரியும். புதூர் நாகதம்பிரானுக்கு இன்றைக்கும் நேர்த்தி வைத்துப் பாலும் முட்டையும் கொண்டுபோகிறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை. உயிருள்ள பாம்பைப் பிடித்துப் பட்டினி போட்டு, தாகத்தில் அது எதையும் குடிக்கிறபோது பார் பால் குடிக்குது என்று காட்டுவது வேறு கதை. இரண்டையும் ஒன்றாக்கினால் எனக்குக் கோபம் வரும்.

சரி, உன் ஓணான். கடைக்காரன் சிவப்பு லைற் இரவில் போடச் சொன்னான், கல்சியம் மணல் விற்றான், சூட்டுக்கல் விற்றான் என்று எழுதியிருந்தாய். மூன்றையும் எடுத்துவிடு. எங்கள் மிருக வைத்தியரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அது சிவப்பு வெளிச்சத்தைக் காணும், இரவில் அதற்கு இருட்டு வேண்டும். மணலை இரையோடு விழுங்கிக் குடல் அடைக்கும். சூட்டுக்கல் வயிற்றைச் சுட்டுவிடும், அது சூட்டை மேலே இருந்து வாங்கப் பழகியது. கூட்டின் ஒரு பக்கம் சூடு, மற்றப் பக்கம் தணிவு, அது தானே மாறி மாறி இருக்கட்டும். யன்னலோரம் வெயில் படுகிறது, காணும் என்று நினைக்காதே. சாதாரணக் கண்ணாடி அந்தப் புறஊதாக் கதிரைத் தடுத்துவிடும். யூவிபி குழல் லைற் வேண்டும். அதுவும் வெளிச்சம் இருக்கும்போதே கதிர் குறைந்துவிடும், பெட்டியில் போட்டிருக்கிற காலத்துக்கு ஒருக்கால் மாற்று. சின்னக் கூட்டில் வளர்த்தால் சின்னதாகவே நிற்கும் என்று உன் மனிசன் சொன்னது பொய். வளரும், எலும்பு வளைந்து வளரும்.

இங்கே அந்த ஐந்து ஆமைகளுக்கு வருகிறேன். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2019இல் அருகிவரும் உயிரினங்களின் உலக வாணிபத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் மிகக் கடுமையான முதலாவது பட்டியலுக்கு ஏற்றிவிட்டார்கள், அவ்வளவு கடத்தல். ஆனால் நான் சட்டத்தைச் சொல்லி அந்த அம்மம்மாவை வெருட்டவில்லை. அவவின் பெருவிரலைப் பிடித்து ஓட்டில் வைத்து அமத்திக் காட்டினேன். கனநேரம் பேசாமல் இருந்தா. பிறகு தானே பேசினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தா. இரண்டு நாள் கழித்து வனஜீவராசிகள் ஆக்கள் வந்து நாலைக் கொண்டுபோனார்கள். மெத்தென்று போனது பிழைக்குமா என்று அவர்களும் உறுதியாகச் சொல்லவில்லை. ஐந்தாவது வீட்டில் ஆமையே இல்லை என்றுவிட்டார்கள். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. திரும்பவும் போவேன்.

அந்தப் பெடியன் இப்போது வகுப்பில் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொன்னேன், நான் படிப்பித்தது பிழை, ஆமை செத்தது அவனால் இல்லை, என்னால் என்று. குரல் அடைத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகு அவன் மட்டும் நின்று கேட்டான்: "அப்ப உங்கட கிணத்தில இருக்கிற ஆமை, ரீச்சர்?"

எங்கள் கிணற்றில் இருக்கிறது வதனி. 2010இல் மீளக் குடியேறிக் கிணறு இறைத்தபோது அப்பு கொண்டுவந்து விட்டது, குளத்து ஆமை. அப்பு போய்விட்டார், அது கிடக்கிறது. வெயில் நேராக விழுகிற நேரம் தலையை மட்டும் மேலே வைத்துக்கொண்டிருக்கும். இத்தனை வருசமாக அது வெயிலுக்கு ஏங்குகிறது என்று எனக்குத் தோன்றவில்லை, விளையாடுகிறது என்று நினைத்தேன். வனஜீவராசிகள் ஆக்களிடம் கேட்டுவிட்டேன். ஒட்டுசுட்டான் பக்கத்துக் குளத்தில் விடலாம், தாங்களும் வருகிறோம் என்றார்கள். அம்மாவுக்கு மனமில்லை, அப்புவின் ஆமை என்கிறா. நேற்றிரவுதான் ஓம் என்றா.

சனிக்கிழமை காலமை பழைய கடகத்தைக் கயிற்றில் கட்டி இறக்கப் போகிறோம். கயிற்றுக்கு அந்தப் பெடியன் வருகிறான்.

உன்,
சுகந்தி