செஞ்சிக் கோட்டையில் முதல் வேலை மழைநீருக்கு வழி விடுவதே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ‘இந்தியாவின் மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகள் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். இனி ரோப் கார், ஒளி ஒலிக் காட்சி என்று யோசனைகள் வரிசைகட்டும். அவற்றைப் பேசுமுன், வரும் நிதியில் முதல் ரூபாய் மழைநீர் வடியச் செலவாக வேண்டும் என்பதை உங்கள் இதழ் வழியாக வலியுறுத்த விரும்புகிறேன்.

இத்தகைய கோட்டை மதில்களின் வெளிமுகம் கருங்கல்; உள்ளே மண்ணும் உடைகல்லும் கொட்டி நிரப்பியிருப்பார்கள். மதிலின் தலைப்பகுதி கெட்டால் மழைநீர் உள்ளே இறங்கி மண் ஊறும். கல் இடுக்குகள் திறந்திருக்கும் வரை அந்த நீர் கசிந்து வெளியேறிவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று இடுக்குகளைச் சிமென்ட் வைத்து அடைத்தால், ஊறிய மண்ணின் பாரம் முழுவதும் வெளிமுகக் கல்லைத் தள்ளும். சில பருவமழைகளில் சுவர் வயிறு தள்ளி நிற்கும். பிறகு ஒரு பெருமழை போதும். எனவே வேலை மேலிருந்து தொடங்க வேண்டும். மதிலின் தலைப்பகுதியில் வளர்ந்த புல்லையும் சேர்ந்த மண்ணையும் வாரிவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுத்து நீரை வெளியேற்றலாம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் மாடியைப் போலவே இதையும் கடுக்காய்த் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டவேண்டும். தட்டாத தளம் வெடிக்கும்.

வளைகூரை போட்ட நெற்களஞ்சியம், கல்யாண மகால் போன்றவற்றின் கட்டுமானத்தில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் உண்டு. அங்கே சிமென்ட் இன்னும் கெடுதல். பழைய செங்கல்லை விட அது கடினமானது, ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் செங்கல் வழியே வெளிவரும்போது உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. சிமென்ட் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. சுண்ணாம்புக்கோ பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் வற்றாமல் குறைந்தது ஒரு மாதமாவது ஊறவிட வேண்டும். நீறாத கட்டிகள் கலவையில் தங்கினால் பூச்சுக்குள் பிறகு நீறிப் பொருமி, குழிகுழியாகத் தெறிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஓதம் காக்கும் இடத்தில் அந்த மூன்றில் ஒரு பங்குக்குச் செங்கல் தூள். பூசியபின் ஈரச்சாக்கு போர்த்திப் பத்து நாளாவது காயவிடாமல் வைக்க வேண்டும். வெயிலில் சட்டென்று உலர்ந்தால் காரை இறுகாமல் மாவாக உதிரும். தை, மாசி இதற்கு ஏற்ற மாதங்கள். ஒப்பந்தம் தாமதமாகி, மார்ச் கணக்கு முடிக்கும் அவசரத்தில் பூசுவதுதான் பல இடங்களில் வேலையைக் கெடுக்கிறது.

சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்குவதும் வெறுமனே வெட்டுவதும் ஒரே அளவு தவறு. பிடுங்கினால் கல் கூடவே வரும். வெட்டினால் தூர் பருத்துத் துளிர்க்கும். வெட்டிய தூரில் துளையிட்டுக் களைக்கொல்லி ஊற்றி, வேர் பட்டபின் அந்தப் பொந்தைச் சுண்ணாம்புக் குழம்பால் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். இதைப் புரட்டாசிக்குள் முடித்தால் வடகிழக்குப் பருவமழைக்குச் சுவர் தயாராக இருக்கும்.

பார்வையாளர் வசதிகளுக்கு ஒரே விதி போதும்: பிற்காலத்தில் கழற்றினால் கோட்டையில் தழும்பு இருக்கக் கூடாது. இங்கிலாந்தின் யார்க் நகரில் கிளிஃபோர்ட்ஸ் டவர் 1684 தீவிபத்துக்குப் பின் கூரையின்றி நின்றது. 2022இல் அதற்குள் மரத்தால் ஒரு மேல்தளம் அமைத்துத் திறந்தார்கள். அதன் பாரம் பழைய சுவரில் ஏறவில்லை. தரையில் தனி அடித்தளத்தின் மேல் நான்கு தூண்கள் அதைத் தாங்குகின்றன. செஞ்சியிலும் நிழற்கூடம், குடிநீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் இப்படித் தனித்து நிற்கட்டும். மழையில் வழுக்கும் படிகளுக்குக் கைப்பிடி அவசியம்தான். ஆனால் சாதாரண இரும்புக் குழாயைத் துளையில் நட்டுச் சிமென்ட் ஊற்றினால், துருப்பிடித்துப் பருக்கும் இரும்பு கல்லையே பிளந்துவிடும். எவர்சில்வர் தூண்களை இயற்கைப் பாறையில் மட்டும் நடவேண்டும். பழைய படிக்கல்லிலோ மதிலிலோ கூடாது.

கோட்டையின் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். எத்தனை படி, எவ்வளவு நேரம், அடுத்த தண்ணீர் எங்கே என்று அடிவாரத்திலேயே தமிழில் பலகை வேண்டும். ஏற முடியாத முதியோர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் கீழ்க்கோட்டையே ஒரு நாள் பார்க்கப் போதுமானது. கல்யாண மகால், களஞ்சியம், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில் ஆகியவற்றை 5 அடி அகலத்தில், 20 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏற்றமில்லாத கெட்டித்த கிராவல் பாதையால் இணைக்கலாம். இதற்குக் கான்கிரீட் வேண்டாம்; அது நீரை ஓரத்துச் சுவர்களின் அடிவாரத்துக்குத் திருப்பிவிடும். மழைநீர் வடிய வாய்க்கால் வெட்டும்போதே இந்தப் பாதையையும் சேர்த்துப் போட்டால் ஒரே முறை தோண்டினால் போதும்.

இப்படிக்கு,
மரபுக் கட்டடப் பராமரிப்பில் உள்ள வாசகர்,
விழுப்புரம்