பிள்ளையின் எடை பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தோடு ஒட்டிய உறை ஒன்றும் வந்திருக்கும். ஜூலையில் உங்கள் பிள்ளைக்கு எடுத்த உயரமும் எடையும் அதிலுள்ள அட்டையில் இருக்கின்றன. காலணியைக் கழற்றி, குதிகால் சுவரில் படும்படி நிற்கவைத்து, உடற்கல்வி ஆசிரியர் எடுத்த அளவுகள் அவை. உறையைப் பிள்ளையின் முன்னால் பிரிக்க வேண்டாம். அண்ணன் தம்பி, அத்தை மாமா எல்லாரும் சூழ்ந்திருக்கும்போது வாசிக்கவும் வேண்டாம். பெரியவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பாருங்கள்.

அட்டையில் உடல் நிறை குறியீடு என்று ஓர் எண் இருக்கும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. பெரியவர்களுக்குச் சொல்லப்படும் 23, 25 என்ற எல்லைகளை வைத்து இதைப் பார்க்கக் கூடாது. 5 முதல் 19 வயது வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தனி அட்டவணை வெளியிட்டது. அதில் வயதுக்கு ஏற்ப எல்லை மாறும், ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும். 10 வயதுப் பையனுக்கு 18.5-ஐத் தாண்டினாலே எடை கூடுதல், 21.4-ஐத் தாண்டினால் உடல்பருமன். ‘20 தானே, நல்லாத்தானே இருக்கான்’ என்று தோன்றும் எண், அந்த வயதில் கூடுதலான எண்.

எண் கூடியிருந்தால் உடனே பிள்ளையின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். பெரியவர்கள் எடை குறைப்பதும் வளரும் பிள்ளைக்கு எடை சரியாவதும் ஒன்றல்ல. பிள்ளைக்கு உயரம் கூடிக்கொண்டே இருக்கிறது. எடை ஏறும் வேகத்தை மட்டும் நாம் அடக்கிவிட்டால் மிச்ச வேலையை உயரம் பார்த்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 10 வயதுப் பையன், உயரம் 138 செ.மீ., எடை 43 கிலோ. குறியீடு 22.6, உடல்பருமன். அடுத்த ஆண்டு அவன் 144 செ.மீ. ஆகிறான். எடை ஒரே ஒரு கிலோ கூடி 44 ஆகிறது. குறியீடு 21.2. பதினோரு வயதுக்கு உடல்பருமன் எல்லை 22.5, அவன் அதற்குக் கீழே வந்துவிட்டான். ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. மாறாக, வீட்டில் எதுவும் மாறாமல் அதே ஆண்டில் ஆறு கிலோ ஏறியிருந்தால் குறியீடு 23.6-ஐத் தாண்டியிருக்கும்.

எடை மிகவும் கூடுதலாக இருந்து குறைத்தே ஆகவேண்டிய பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். 6 முதல் 11 வயதுக்கு மாதத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறையக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்கள் சொல்லும் அளவு. ‘ஒரே மாதத்தில் ஐந்து கிலோ’ என்று விற்கும் பவுடரும் கஷாயமும் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் எங்கே தொடங்குவது? பால் தம்ளரில் தொடங்குங்கள். நம் பிள்ளைகள் பலர் காலையும் மாலையும் பால் குடிக்கிறார்கள், தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை. தட்டையாக அளந்தால் ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம், குவித்துப் போட்டால் இன்னும் கூடும். ஆக, பாலில் மட்டும் நாளைக்கு 16 கிராமாவது ஆகும். சேர்த்த சர்க்கரை எல்லாமாகச் சேர்ந்தே பிள்ளைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். பாலில் போடும் ஊட்டச்சத்துப் பவுடரிலும் சர்க்கரை இருக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், நூறு கிராமுக்கு எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். 30 என்று போட்டிருந்தால், 20 கிராம் பவுடரில் 6 கிராம் சர்க்கரை.

இதை ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் அழுகை, நான்காம் நாள் பழைய தம்ளர். பல வீடுகளில் தோற்பது இங்கேதான். இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி என்று குறையுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றரை, அடுத்த இரண்டு வாரம் ஒன்று, பிறகு அரை. இந்த வேகத்தில் போனால் நாக்கும் கூடவே பழகிவிடும். சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ தேனோ போட்டால் கணக்கில் பெரிதாக எதுவும் மாறாது, அவையும் சர்க்கரைதான். பாலை நிறுத்தாதீர்கள். பால் வேண்டும், அதிலுள்ள இனிப்புதான் வேண்டாம்.

குளிர்பானத்தை மட்டும் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, வாங்குவதை நிறுத்திவிடலாம். பல குளிர்பானங்களின் 250 மி.லி. பாட்டிலில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். ஒரு நாளின் மொத்த அளவும் நாலு மடக்கில் தீர்ந்துபோகும். பழரசம் என்று பாக்கெட்டில் விற்பதும் பெரும்பாலும் இதே ரகம். பழத்தைப் பழமாகவே கொடுங்கள்.

அடுத்தது மதியச் சாப்பாட்டு டப்பா. முக்கால் டப்பா சாதம், மூலையில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவல். இதுதான் பொதுவாகக் கண்ணில் படுவது. உருளையும் மாவுச்சத்துதான், காய் என்ற கணக்கில் சேராது. சாதத்தில் ஒரு குழம்புக் கரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவரைக்காய்ப் பொரியலோ கீரைக் கூட்டோ வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டை, இரண்டு நாள் சுண்டல். சாதத்தைக் குறைத்து அந்த இடத்தைக் காலியாக விட்டீர்களானால், பிள்ளை நான்கு மணிக்குப் பசியோடு வந்து மிக்சர் டப்பாவைத் திறக்கும். குறைத்த இடத்தைப் பருப்போ முட்டையோ காயோ நிரப்ப வேண்டும். புளியோதரை, எலுமிச்சைச் சாதம் கட்டும் நாளில் எண்ணெய் தெரியாமலே ஏறும். அரிசியில் மினுமினுப்புத் தெரிந்தால் அது அதிகம்.

எண்ணெய்க்கு எளிய வழி ஒன்று உண்டு. பாக்கெட்டை உடைக்கும் நாளில் அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டரை முதல் மூன்று லிட்டர் போதும். ஒரு லிட்டர் பாக்கெட் பத்து நாளைக்கு வர வேண்டும். ஐந்து நாளில் தீர்ந்தால் எங்கே போகிறது என்று தேட வேண்டும், பெரும்பாலும் மாலைப் பலகாரத்தில் போயிருக்கும். தினமும் பொரித்தது என்பதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்குங்கள். அது பழகிய பிறகு வாரம் ஒன்று ஆக்கலாம்.

காலை உணவைத் தவிர்த்தால் எடை குறையும் என்று ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவிகள் சிலர் நம்புகிறார்கள். வெறும் வயிற்றில் வந்தால் இடைவேளையில் பப்ஸும் சமோசாவும் கட்டாயமாகிவிடும். அந்த வயதில் இரத்தசோகை வேறு சேர்ந்துகொள்ளும். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார் போதும். சாப்பிடாமல் மட்டும் அனுப்பாதீர்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நம் வளாகத்துக்குள் அதை நாங்கள் காப்போம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுப்பதையும் இனி நிறுத்துகிறோம், விரும்புவோர் பென்சிலோ வாழைப்பழமோ தரலாம்.

விளையாட்டு: 5 முதல் 17 வயது வரை நாளுக்கு 60 நிமிடம் உடல் அசைய வேண்டும். பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைதான் விளையாட்டு, அது போதாது. அறுபது நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டியதில்லை. இருபது இருபதாகப் பிரித்தாலும் கணக்குதான். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது சரியான வேகம். இதற்குத் தடை பெரும்பாலும் நேரம்தான். நான்கரைக்கு வீடு, ஐந்து மணிக்கு டியூஷன், எட்டு மணிக்குப் பிள்ளை களைத்துத் திரும்புகிறது. டியூஷனை ஐந்தே முக்காலுக்குத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தெருவில் நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கும். விளையாடாமலே இருந்த பிள்ளையை முதல் நாளே மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டால் முழங்கால் வலிக்கும், மறுநாள் வராது. முதல் வாரம் பத்து நிமிட நடை போதும், வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

தொலைக்காட்சியோ கைப்பேசியோ பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. நிறைவு மூளைக்கு எட்டக் கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆகும். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டுமாவது திரையை அணைத்துவிடுங்கள், அப்பாவின் கைப்பேசியும் சேர்த்து. 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாமல், அதற்கு மேல் 8 மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பில் நாட்டமும் கூடும்.

இவை அத்தனையையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று. முதலாவது பழக்கமான பிறகுதான் அடுத்தது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு இருக்கட்டும். தம்பிக்கு பரோட்டா, அண்ணனுக்கு மட்டும் ஓட்ஸ் என்று வைத்தால் அது அண்ணனுக்குத் தண்டனை. ஒல்லியான பிள்ளைக்குச் சாதத்தையும் எண்ணெயையும் குறைக்க வேண்டியதில்லை, காயும் விளையாட்டும் தூக்கமும் அவர்களுக்கும் வேண்டும். பாட்டிமார் பாசத்தோடு ‘இன்னும் ஒரு வாய்’ ஊட்டுவார்கள். அவர்களைத் தடுப்பதைவிட, அந்த ஒரு வாயைக் கீரையாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். எடையை மாதம் ஒருமுறைக்கு மேல் பார்க்காதீர்கள். அன்றாடம் ஏறி இறங்குவது தண்ணீரின் கணக்கு, அதைப் பார்த்துப் பிள்ளை கலங்கும்.

சில அடையாளங்கள் தெரிந்தால் வீட்டு மாற்றத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு அல்ல. தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். உரக்கக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று எழுவது, இடுப்பிலோ முழங்காலிலோ வலித்து நொண்டுவது, மாதவிலக்கு பல மாதம் தள்ளிப்போவது ஆகியவற்றையும் காட்டியாக வேண்டும். தைராய்டுதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். எடை ஏறியும் உயரம் வளராமல் நின்றுவிட்ட பிள்ளைக்குத்தான் அந்தச் சந்தேகம் முதலில் எழ வேண்டும். நன்றாக உயரும் பிள்ளைக்கு அது அரிது.

வகுப்பில் யாரையும் ‘குண்டு’, ‘பூசணி’ என்று கூப்பிட விடமாட்டோம், ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். வீட்டிலும் செல்லமாகக்கூட அப்படி அழைக்காதீர்கள். அந்தப் பெயருக்குப் பயந்தே பிள்ளைகள் விளையாட்டுப் பாடவேளையில் வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் மறுபடி அளவெடுப்போம். அட்டையின் அடியில் உள்ள சீட்டில், முதலில் எதை மாற்றப் போகிறீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தனியாகப் பேச வேண்டியிருந்தால் புதன்கிழமை மாலை நான்கரை முதல் ஐந்தரை வரை உடற்கல்வி ஆசிரியரும் நானும் அலுவலக அறையில் இருப்போம். பிள்ளையை அழைத்துவர வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்