கொழும்பைக் கழித்த பிறகு மிஞ்சும் கேக்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு வட்ஸ்அப்பில் நீ கேட்டது ஒரே ஒரு வரி: "அப்பா, சின்னவளின் பிறந்தநாளுக்கு அந்தக் கோடு போட்ட கேக்கின் அளவை அனுப்புங்கோ." உடனே தட்டி அனுப்பியிருக்கலாம். பட்டர், சீனி, மா, முட்டை எல்லாம் கால் கிலோ, கால் கிலோ. அவ்வளவுதான் அளவு. ஆனால் அதை மட்டும் அனுப்பினால் போன வருஷம் வந்த மாதிரியே மேலே வெடித்து உள்ளே கட்டியாக வரும், நீயும் ஒரு படம் எடுத்து "அளவு பிழை அப்பா" என்று போடுவாய். அளவில் பிழையில்லை பிள்ளை. அம்மா உனக்குச் சொல்லித் தந்ததில் பாதிதான் கேக், மற்றப் பாதி கொழும்பு. வெள்ளவத்தை வெக்கைக்கும் கடற்காற்றுக்கும் எங்கள் சின்ன ஓவனுக்கும் ஏற்றபடி அம்மா கண்டுபிடித்த தந்திரங்களை நீ கனடாவில், ஸ்காபரோவில் பனிக்குள் இருந்துகொண்டு ஒன்றுவிடாமல் செய்திருக்கிறாய். முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான், ஆகவே இதைக் கழித்தல் கணக்காகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கேக் எங்கிருந்து வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உன் ஆறாவது பிறந்தநாள் வரைக்கும் எங்கள் வீட்டில் ரிபன் கேக்தான், இங்கே எல்லா வீட்டிலும் போல ரோஸ், பச்சை, வெள்ளை என்று அடுக்கி நடுவில் பட்டர் ஐசிங் பூசினது. ஏழாவது பிறந்தநாளுக்கு முதல் நாள் நீ குசினி வாசலில் நின்று "பச்சை கேக் எனக்கு வேண்டாம், அது சவர்க்காரம் மாதிரி இருக்கு" என்று அழுதாய். அம்மா பச்சையும் ரோசும் விட வேண்டிய இடத்தில் கொக்கோவைப் போட்டா. அதுதான் இந்தக் கேக். ரிபன் கேக்கில் சாயத்தைக் கழித்தது.

நான் அதற்குள் வந்தது 2020இல். மார்ச்சில் ஊரடங்கு போட்டு மே கடைசி வரைக்கும் கொழும்பு அடைந்து கிடந்ததே, அப்போது அம்மாவுக்குத் தோள்மூட்டு இறுகி கையைத் தூக்க ஏலாது. அவ கதிரையில் இருந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "கொஞ்சம்" என்பா, நான் "எத்தனை கிராம்?" என்பேன். இப்படிச் சண்டை பிடித்துப் பிடித்துத்தான் கொப்பியில் ஏறிய கணக்கு இது.

சரி, பட்டர். கேக் அடிக்கிறது என்று நாங்கள் சொல்லுவதே பட்டருக்கும் சீனிக்கும் நடக்கிற அந்தச் சண்டையைத்தான். சீனிப் பருக்கைகள் பட்டருக்குள் கீறிக்கீறிக் காற்றைப் புகுத்தும், பட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும், பேக்கிங் பவுடர் செய்வது அந்தக் காற்றுக் குமிழியைப் பெருப்பிப்பது மட்டுந்தான், புதிதாக ஒன்றையும் உண்டாக்காது. காற்றைப் பிடிக்கப் பட்டர் 18, 20 பாகையில் இருக்க வேண்டும், விரல் வைத்தால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. எங்கள் குசினி மத்தியானத்தில் 30 பாகை. அதனால்தான் அம்மா பட்டரை பிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு வெட்டிப் போட்டு, சட்டியை ஐஸ் தண்ணீர்த் தட்டில் வைத்து அடிப்பா. நீயும் அங்கே பிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு அடித்தாய்! உன் வீட்டுக்குள் ஹீட்டர் போட்டும் இருபது பாகைதானே. அங்கே பட்டர் இரண்டு மணித்தியாலம் வெளியே கிடக்கட்டும். ஐஸ் தட்டு வேண்டாம். அது கொழும்பு.

முட்டையும் அப்படித்தான். இங்கே கடையில் முட்டை வெளியில்தான் இருக்கும், வீட்டுக்கு வரும்போதே இளஞ்சூடு. அங்கே கழுவி, குளிரில் வைத்து விற்பது. அந்தக் குளிர் முட்டையை அடித்த பட்டருக்குள் உடைத்து ஊற்றினால் பட்டர் இறுகி எல்லாம் திரைந்துபோகும். உன் படத்தில் கேக்கின் அடியில் தெரிந்த அந்தக் கட்டிப் பட்டை அதனால் வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன், அம்மா ஓவன் என்கிறா. முட்டைகளை ஓட்டோடு பத்து நிமிஷம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு வை. எண்ணிக்கையும் மாறும்: இங்கத்தைய முட்டை சிறிது, கால் கிலோவுக்கு எனக்கு ஆறு வேண்டும், அங்கே லார்ஜ் என்று விற்பதில் ஐந்து போதும். உடைத்துவிட்டு நிறுத்துப் பார். நான் முட்டையை நிறுப்பதைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பு கீழ்மாடிக்குக் கேட்டது, பரவாயில்லை.

சீனியை கிரைண்டரில் அரைப்பதும் கொழும்புதான், எங்கள் சீனி பருக்கைக் கல். உங்கள் சீனி மெல்லியது, அப்படியே போடு. மா மட்டும் மற்றப் பக்கத்தால் இடிக்கும். அங்கத்தைய ஓல் பர்ப்பஸ் மா பாணுக்கு ஏற்ற பலமான மா, நீ அதைப் போட்டு நெடுநேரம் கலந்தால் கேக் இழுபடும். கேக்குக்கும் பேஸ்ட்ரிக்கும் என்று தனியாகப் பை இருக்கிறதாம், அதை வாங்கு.

இனிக் கோடு. இதில்தான் என் மூளையும் கொஞ்சம் போயிருக்கிறது. அம்மா முன்பு கலவை முழுவதையும் மா போட்டு முடித்துவிட்டுத்தான் பாதியில் கொக்கோ போடுவா. அப்போது கொக்கோப் பாதியில் தூள் கூடிவிடும், அடுக்கு வரண்டு, வெட்டும்போது பழுப்புக் கோடு மட்டும் உதிரும். நான் மா போடுவதற்கு முன்பே பிரிக்கிறேன். பட்டர், சீனி, முட்டை அடித்து, இரண்டு தேக்கரண்டி வனிலாவும் ஒரு சிட்டிகை உப்பும் விட்டதும் தராசில் வைத்துச் சரிபாதியாக இரண்டு சட்டிக்குள் மாற்று. ஒன்றுக்கு 125 கிராம் மா. மற்றதுக்கு 100 கிராம் மாவும் 25 கிராம் கொக்கோவும். இரண்டுக்கும் ஒவ்வொரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரித்துத்தான் போட வேண்டும். வெள்ளைக்கு இரண்டு மேசைக்கரண்டி பால், கொக்கோ ஈரத்தைக் குடிக்கும் ஆகவே அதற்கு நாலு. இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. இரண்டு ட்ரேதான் உன்னிடம் என்றால் வெள்ளை வேகும் வரை மற்றச் சட்டி காத்திருக்க வேண்டும், பேக்கிங் பவுடர் விழுந்த கலவை காத்திருந்தால் காற்று போய்விடும். வெள்ளை ஓவனுக்குள் போன பிறகு கொக்கோச் சட்டிக்கு மாவைப் போடு.

எட்டு அங்குலச் சதுர ட்ரே, அடியில் ஒயில் பேப்பர். ஒவ்வொரு பாதியையும் திரும்ப இரண்டாக நிறுத்து ஊற்றினால் மொத்தம் நாலு மெல்லிய அடுக்கு வரும். ஊற்றும்போது மெல்லிசாக இருக்கும், "இது காணாது" என்று பயப்படாதே, கரண்டியின் முதுகால் மூலை வரைக்கும் தள்ளு, நடுவைக் கொஞ்சம் பள்ளமாக விடு. உங்கள் ஓவனில் 350 பரனைட். பன்னிரண்டாம் நிமிஷத்தில் ஈர்க்குக் குத்திப் பார், தடித்த கேக் மாதிரி நாற்பது நிமிஷம் விட்டால் பிஸ்கட்டுத்தான். எங்கள் மேசை ஓவனில் மேல் கம்பியை முதல் பத்து நிமிஷம் அணைத்து வைப்பதும் கதவை ஈர்க்குக்கட்டால் முட்டுக் கொடுப்பதும் எங்கள் ஓவனின் வியாதிக்கு மருந்து, உனக்குத் தேவையில்லை. உன் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் சட்டியின் மூடிமேல் தணல் கொட்டி கேக் சுட்டவ. அவவுக்கு இந்த ஓவனே பெரிய ஆடம்பரம்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததே, அந்தக் கிழமைதான் உன் பிறந்தநாள். நீ அங்கே, கேக் இங்கே. இருந்தாலும் அம்மா அடிக்கத்தான் வேண்டும் என்றா. கரண்ட் வரும் நேரத்தை நான் தாளில் எழுதி ஒட்டி வைத்து, அதைப் பார்த்து ட்ரேயை உள்ளே தள்ளினேன். ஆறாவது நிமிஷம் எல்லாம் இருட்டு. கதவைத் திறக்காமல் இருந்தோம், டோர்ச் அடித்துக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் நடு மெதுவாக, ஒருவர் மூச்சு விடுகிற மாதிரி, கீழே இறங்குவது தெரிந்தது. அதைக் கரண்டியால் கிண்டிச் சாப்பிட்டோம். உனக்கு அப்போது சொல்லவில்லை.

சரி, தோல். அம்மாவின் முழு ரகசியமும் இதில்தான் இருக்கிறது, உனக்கு அவ சொல்லவே இல்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவே அவவுக்குத் தோன்றவில்லை. அடுக்கின் மேலே மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று இருக்கும். அதை விட்டுவிட்டு ஐசிங் பூசினால் வெட்டும்போது மஞ்சள் கேக்குக்கும் வெள்ளை ஐசிங்குக்கும் நடுவே அழுக்குப் பிடித்த மாதிரி ஒரு கோடு தெரியும். இங்கே ஈரக்காற்றில் கேக் ஆறும்போதே தோல் பிசுபிசுக்கும், ஒயில் பேப்பரை வைத்து அழுத்திக் கவிழ்த்து இழுத்தால் தாளோடு சேர்ந்து, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி, முழுசாக உரிந்து வரும், அம்மா அதைச் செய்யும்போது பார்க்க வேண்டும். உன் வீட்டு வரண்ட காற்றில் அது உரியாது. ஆகவே சுடச்சுட ஒரு சுத்தமான துணியைப் போட்டு மூடு, வேர்க்கட்டும், பிறகு தாள் வைத்து இழு. அப்படியும் வராத இடத்தைப் பாண் வெட்டும் கத்தியால் சீவு.

ஐசிங்கில் பெரிய கதை இல்லை. 200 கிராம் பட்டர், 400 கிராம் ஐசிங் சீனி, கொஞ்சம் பால், வனிலா. இங்கே பட்டர் மட்டும் போட்டால் பூசின அடுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் அம்மா பாதிக்கு ஆஸ்ட்ரா மாஜரீன் கலப்பா. நீ கலக்காதே, வாயில் ஒட்டும். நடுவில் மூன்று தடவையும் வெள்ளை ஐசிங், வெளியே சுற்றவர மிச்சத்தில் கொக்கோ கலந்து பூசு. வெளியே பார்த்தால் சாதாரண சொக்லேட் கேக், வெட்டினால்தான் கோடு. சின்னவளின் முகத்தை அந்த நேரம் பார்க்க வேண்டும் என்பதற்காகவாவது வெளியே கோடு காட்டாதே.

நீ அனுப்பிய வீடியோவில் கோடு நிமிர்ந்து நிற்கிறதே, அதையும் போன மாதம் முயன்று பார்த்தேன், அம்மாவிடம் நல்ல பேச்சும் வாங்கினேன். அது அடுக்குவது இல்லை, சுருட்டுவது. மெல்லிய வெள்ளைத் தகட்டின்மேல் ஐசிங், அதன்மேல் சொக்லேட் தகடு, திரும்ப ஐசிங், அதை நீள நாடாக்களாக வெட்டிப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, நுனியில் அடுத்த நாடாவை ஒட்டி, சுருளைச் செங்குத்தாக நிறுத்தினால் வெட்டும்போது கோடு நிமிர்ந்து வரும். எங்கள் பட்டர் கேக் அதற்கு வளையாது, முதல் வளைவிலேயே மூன்று துண்டு. பட்டர் இல்லாமல் முட்டையை நுரைக்க அடித்து எண்ணெய் விட்டுச் செய்கிற ஸ்பொஞ்சுதான் வளையும். பிள்ளையின் பிறந்தநாளில் புதுசாக ஒன்றும் பரீட்சை பண்ணாதே, படுக்கைக் கோடே வடிவு.

வெள்ளி இரவே அடித்து, ஐசிங் பூசி, பிரிட்ஜில் வை. சனி காலை வெட்டுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் வெளியே எடு, இல்லாவிட்டால் பட்டர் கல்லாக இருந்து ருசி ஒன்றும் தெரியாது. நாலு பக்கமும் அரை அங்குலம் ஓரம் சீவினால்தான் கோடு நேராகத் தெரியும். சீவின ஓரத்தை எறியாதே, டப்பாவில் போட்டு வை. இங்கே அதை இரண்டு பேரும் பல்கனியில் இருந்து பிளேன்டீயோடு முடிப்போம், உண்மையைச் சொன்னால் எனக்குக் கேக்கை விட ஓரம்தான் விருப்பம்.

நீங்கள் பதினொரு மணிக்கு வெட்டினால் எங்களுக்கு இரவு ஒன்பதரை, விழித்திருப்போம். வீடியோவில் கூப்பிடு. போனை மேலே பிடிக்காமல் மேசை மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடி. அம்மா வாழ்த்துச் சொல்ல முதல் தோல் உரித்திருக்கிறாயா என்றுதான் பார்ப்பா.

அன்புடன்,
அப்பா