மேனேஜர் எப்படி இருக்கிறார்?

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். இதை வாட்ஸப்பில் சொல்லலாம்தான், ஆனால் அதில் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் தபாலில் போடுகிறேன். புது விலாசத்தை அப்பா போனில் பார்த்து எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூரிலேயே உட்லண்ட்ஸ் என்று இருக்கிறது. தெம்பனிஸ் வீடு மாதிரி ஆபீஸுக்குப் பக்கம் கிடைக்காது என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். சரி, இதுவும் நல்ல இடமாகத்தான் இருக்கும்.

மலேசியாவில் பினாங்கு எப்படி இருந்தது என்று நீ கேட்டதற்கு அப்பா "நல்லா இருந்துதுப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவ்வளவு செலவு செய்து அனுப்பிய பிள்ளைக்கு அது போதுமா? அதனால் நான் எழுதுகிறேன்.

சாப்பாட்டுச் சுற்றுலா என்று ஒன்றுக்குக் காசு கட்டியிருக்கிறாய் என்று கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தெருவில் நடந்து கடை கடையாகச் சாப்பிட ஒரு ஆளுக்குச் சம்பளமா என்று. காலை எட்டரைக்கு வழிகாட்டிப் பெண் ஓட்டல் வாசலுக்கே வந்துவிட்டாள். சீனப் பெண், நாற்பது வயது இருக்கும், கழுத்தில் சுற்றுலா அட்டை. தமிழ் நாலைந்து வார்த்தை தெரிகிறது. "பசியாறிட்டீங்களா?" என்றாள். அங்கே நம் ஆட்களும் அப்படித்தான் கேட்கிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அப்புறம் போனை எடுத்து, நீ எழுதி அனுப்பியிருந்ததைப் படித்துக் காட்டினாள். அப்பாவுக்குச் சர்க்கரை, ஒரு மணிக்குள் சோறு வேண்டும். அம்மாவுக்கு வலது முழங்கால் வலி, அடிக்கடி உட்கார இடம் வேண்டும். பன்றி, மாடு இரண்டும் ஆகாது. கடைசியில் ஒரு வரி: அம்மா பிடிக்காவிட்டாலும் பிடித்தது என்றுதான் சொல்லுவார், முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற வித்தை உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்துக்கொள்ளாதே.

மூன்று பேருக்குப் பணம் கட்டியிருக்கிறதே, மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்டாள். ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்றேன். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு ஒன்றரை மணி நேரப் பறப்பு என்று நீதான் சொன்னாய். சனி ஞாயிறுக்காவது வந்திருக்கலாம். இனி சொல்லி என்ன? அந்தப் பணமும் திரும்பி வராதாம். அவள் எல்லாக் கடையிலும் மூன்று கரண்டி வைக்கச் சொன்னாள், உன் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

அந்த ஊரில் பழைய கடைகளின் முன்னால் ஒரு திண்ணை மாதிரி நடைபாதை, மேலே கூரை இருப்பதால் வெயிலும் மழையும் படாது. ஆனால் ஒவ்வொரு கடைக்காரனும் அவனவன் இஷ்டத்துக்கு உயரம் வைத்துக் கட்டியிருக்கிறான். ஏறு, இறங்கு, ஏறு, இறங்கு. என் முழங்காலைப் பார்த்துவிட்டு அவள் ரோட்டோரமாகவே கூட்டிப்போனாள். 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டதால் அந்தக் கட்டடங்களை இஷ்டத்துக்கு இடிக்க முடியாதாம். முழங்கால்காரர்களை யுனெஸ்கோ கேட்கவில்லை போல.

முதலில் தேங்காய்ப்பால் ஆப்பம். அங்கே அதை அப்பம் என்கிறார்கள். நம் ஆள்தான் சுடுகிறார், சின்னச் சின்னச் சட்டியை வரிசையாக வைத்து ஒன்று ஊற்றி ஒன்று எடுக்கிறார். ஓரம் மொறுமொறுவென்று, நடு மெத்தென்று. பக்கத்திலேயே இடியாப்பம், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு. அப்பா கை நீட்டினார், அவள் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். நீ எழுதியதை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

அடுத்தது அசம் லக்சா. இதை மட்டும் விவரமாகச் சொல்லுகிறேன், நீ செய்து பார்க்கலாம், செலவு கம்மி. நம் கானாங்கெளுத்தி மீன்தான், அவித்து முள் எடுத்து உதிர்த்துப் புளித்தண்ணீரில் கொதிக்க விடுகிறார்கள். தேங்காய்ப்பால் கிடையாது, தாளிப்பும் கிடையாது. இஞ்சி ஜாதியில் ஒரு செடியாம், அதன் ரோஜா நிற மொட்டை நறுக்கிப் போடுகிறார்கள், வாசனை அதில்தான் இருக்கிறது. தடிமனான அரிசி நூடுல்ஸின் மேல் அதை ஊற்றி, வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, புதினா தூவி, ஓரத்தில் ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. அந்த விழுதைப் பார்த்ததும் என் முகம் கோணியிருக்கும், உடனே அவள் "வேண்டாம்னா விடுங்க" என்று ஜாடை காட்டினாள். நான் விடவில்லை. கலந்து ஒரு வாய் வைத்ததும் நாகப்பட்டினத்தில் என் அம்மா முந்தின நாள் மீன்குழம்பைச் சுண்ட வைப்பாளே, அந்தப் புளிப்பு. ஒரு கிண்ணம் 7 ரிங்கிட். அப்பா எல்லாவற்றையும் இருபதால் பெருக்கிக்கொண்டே வந்தார். நூற்று நாற்பது ரூபாய்க்கு மோசமில்லை என்றார். வெளியில் சாப்பிடுவதைக் குறைத்தால் மாசம் எவ்வளவு மிச்சமாகும் என்று நீயும் ஒரு தடவை பெருக்கிப் பார். கஷ்டம் என்று இல்லை, பொதுவாகத்தான் சொல்லுகிறேன்.

லக்சா கடைக்காரர் லக்சா மட்டும்தான் போடுகிறார், நூடுல்ஸ் வறுக்கிறவர் அதை மட்டும்தான் வறுக்கிறார். ஒரே வேலையை முப்பது வருஷம் செய்தால் கை தானாகப் பேசும் என்றார் அப்பா. 2016 முதல் அங்கே தெருக்கடைகளில் வெளிநாட்டு ஆட்களைச் சமையலுக்கு வைக்கக்கூடாது என்று மாநில அரசே உத்தரவு போட்டிருக்கிறதாம், ருசி மாறிவிடும் என்று.

சூலியா தெருவில் நாகூர் ஆண்டவருக்கு ஒரு தர்கா. நம்ப மாட்டாய், நம் நாகூர் ஆண்டவர்தான்! கப்பலில் போனவர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள். நான் வாசலில் நின்றுவிட்டேன். உன் தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் போய் இறங்கிய ஊர் இது. கடைத்தெருவில்தான் கணக்கு எழுதினார். எந்தக் கடை என்று யாரைக் கேட்பது? அவள் மார்க்கெட் தெரு முழுக்க எங்களுக்காக ஒரு தடவை நடந்தாள், அது காசு கட்டிய கணக்கில் இல்லாதது. தாத்தா 1962-ல் எழுதிய கடிதம் உனக்குத் தெரியும், அதை நான் திரும்ப எழுதவில்லை. எல்லாம் சுகம், எல்லாம் சுகம் என்று எழுதியே நம் வீட்டில் ஒருத்தர் பட்டது போதும்.

குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833-ல் கட்டியதாம். அர்ச்சனைக்கு உன் பேர், நட்சத்திரம் சொன்னேன். என்ன வேண்டுதல் என்று குருக்கள் கேட்டார். கல்யாணம் என்று சொல்லத்தான் போனேன். உத்தியோகம் என்று வாயில் வந்துவிட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மணிக்கு நாசி கண்டார் என்கிற குழம்புச் சோறு. முன்னாளில் தோளில் காவடி மாதிரி கம்பு வைத்து, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகத் தூக்கிப்போய்த் துறைமுகக் கூலி ஆட்களுக்கு விற்றார்களாம், நம் ராவுத்தர்கள்தான். இப்போது பெரிய ஓட்டல், வாசல் வரைக்கும் வரிசை. சோற்றை வைத்து, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, பருப்பில் ஒரு கரண்டி என்று எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றுகிறான். எனக்கு முதலில் பகீரென்றது. ஒரு குழம்பில் இன்னொரு குழம்பு ஒட்டினாலே தட்டை நகர்த்துகிறவள் நான். ஆனால் பிசைந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. அவித்த வெண்டைக்காயை முழுசாக வைக்கிறார்கள், அப்பாவுக்கு அது போதும்.

அங்கே தட்டு எடுக்க வந்த பையன் நம் பேச்சைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றான். முதுகுளத்தூர்ப் பக்கமாம் அவனுக்கு. உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. அப்பா வழக்கம்போல் போனை நீட்டிப் போட்டோ எடுத்துவிட்டார். அவன் பதறிப்போய், "ஃபேஸ்புக்ல போட்டுறாதீங்கய்யா, வீட்டுல சூப்பர்வைசர்னு சொல்லியிருக்கேன்" என்றான். அப்பா அவன் கண் எதிரிலேயே அழித்துக் காட்டினார். மாசம் தவறாமல் பணம் அனுப்புகிறானாம். அவன் அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? என்னிடம் கேட்டிருந்தால் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பேன். அவள் வாயைத் திறந்து கேட்டால் பிள்ளைக்கு அவமானமாகிவிடுமே என்று இருப்பாள். தட்டுக் கழுவுவதில் என்ன கேவலம் இருக்கிறது, சொல்லு. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பசம்பூர் என்று ஒன்று, வடையும் வெள்ளரியும் வேகவைத்த முட்டையும் நறுக்கிப் போட்டுச் சர்க்கரைவள்ளிக் குழம்பு ஊற்றுவது, எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது என்றுதான் சொன்னேன், அவள் நம்பவில்லை. செண்டோல் நன்றாக இருந்தது, பனி துருவி, தேங்காய்ப்பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றி, பச்சை நிறத்தில் புழு மாதிரி ஒன்று போட்டு. அப்பாவுக்கு ஒரு கரண்டி மட்டும் கொடுத்தேன். ஜாதிக்காய் ஜூஸ் குடித்தோம். சௌராஸ்தா மார்க்கெட்டில் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கி உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்ப மாட்டேன், வந்து எடுத்துக்கொள்.

நாகப்பட்டினத்து அத்தையிடம் சுற்றுலா கதையைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. விசா வேண்டாம், வருகை அட்டையைக்கூட என் பிள்ளையே போனில் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று. அவள் பிள்ளை பக்கத்துத் தெருவில் இருக்கிறான், ஒரு வேளை பெத்தவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனது கிடையாது. எனக்குப் பெருமைதான். ஆனால் இவ்வளவு செலவு வேண்டியதில்லை கண்ணா. அந்த ஓட்டல், விமானம், வழிகாட்டி எல்லாம் சேர்த்து அப்பா ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்த்துவிட்டு, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செலவைச் சுருக்கு. கார்டில் எதையும் தள்ளிப் போடாதே. சாப்பாட்டில் மட்டும் சுருக்காதே.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன் மேனேஜர் எப்படி இருக்கிறார்? ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் அரை மணி நேரம் அவரைத் திட்டுவாய். அப்பாவுக்கு அது வாராந்திரத் தொடர்கதை, காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பார். ஆவணிக்கு அப்புறம் அந்த மனுஷரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாற்றலாகிப் போய்விட்டாரா? ஆள் திருந்திவிட்டாரா? போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு நீ பேசினபோது பின்னால் துணி காய்ந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்தே வேலை என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

பேங்கில் உன் பேரும் சேர்த்துப் போட்ட டெபாசிட் தை மாதம் முதிர்கிறது. வீட்டுக்கு மேல் மாடி கட்ட என்று வைத்தது. மாடி இப்போது யாருக்கு வேண்டும்? எனக்கு மாடிப்படி ஏறவே முடியாது. அப்பாவும் அதையேதான் சொல்லுகிறார். அது சும்மா கிடக்கிற பணம், உனக்கு ஏதாவது யோசனை இருந்தால் சொல்லு. எடுப்பதற்கு உன் கையெழுத்து வேண்டுமாம். வேண்டியதில்லை என்று அப்பா சொல்லுகிறார், நான் வேண்டும் என்கிறேன். அதனால் பொங்கலுக்கு முன்னாலேயே கிளம்பி வா. லீவு எத்தனை நாள் என்று நான் கேட்க மாட்டேன், யாரையும் கேட்க விடவும் மாட்டேன். டிக்கெட் அப்பாவே போடுகிறாராம், போனில் போடுவது எப்படி என்று எதிர்வீட்டுப் பையனிடம் கற்றுக்கொண்டுவிட்டார். உன் பாஸ்போர்ட் நம்பரை மட்டும் அவருக்கு அனுப்பு.

அம்மா