ஏரிகளின் உண்மைக் கொள்ளளவை இனி அறிய முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ‘இத்தனை ஏரிகள் நிரம்பின’ என்ற கணக்கு நாள்தோறும் செய்தியாகிறது. ஆனால் நிரம்பிய ஏரியில் உள்ளபடியே எவ்வளவு நீர் நிற்கிறது என்ற கேள்விக்கு, சிறிய, நடுத்தர ஏரிகள் பலவற்றில் நம்பத்தக்க விடை கிடைப்பதில்லை. பதிவேட்டில் உள்ள கொள்ளளவு என்றைக்கோ அளந்தது; அதற்குப் பின் படிந்த வண்டலும் நீர்ப்பிடிப்புக்குள் புகுந்த ஆக்கிரமிப்பும் அந்த எண்ணில் சேரவில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரிநீர் வெளியேறும் வழி) வழிந்த ஆண்டிலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கக்கூடிய கருவி இப்போது விண்ணில் இருக்கிறது. அமெரிக்காவின் நாசாவும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் இணைந்து 2022 டிசம்பர் 16 அன்று ஏவிய ‘ஸ்வாட்’ செயற்கைக்கோள், 10 மீட்டர் இடைவெளியில் அமைந்த இரண்டு ஆண்டெனாக்களில் ஒரே ரேடார் எதிரொலியைப் பெற்று, அவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டிலிருந்து நீர்மட்டத்தின் உயரத்தைக் கணிக்கிறது. முந்தைய செயற்கைக்கோள்கள் தம் பாதைக்கு நேர்கீழே ஒரு கோட்டில் மட்டுமே மட்டம் பார்த்தன. அந்தக் கோட்டில் அமையாத ஏரி கணக்கிலேயே வராது. ஸ்வாட் சுமார் 120 கிலோமீட்டர் அகலப் பட்டையைப் பார்க்கிறது. 250 மீட்டர் நீள அகலமுள்ள நீர்நிலையைக்கூட அளக்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஏரிகளில் 10 சென்டிமீட்டர் துல்லியமே அதன் இலக்கு. தரவுகளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பெறலாம்.

நமக்கு இதில் பெரிதும் பயன்படுவது, மட்டமும் நீர்ப்பரப்பும் ஒரே நேரத்தில் கிடைப்பதுதான். ஐப்பசியில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஏரியை ஓராண்டு முழுவதும் தொடர்ந்து கவனித்தால், எந்த மட்டத்தில் எத்தனை ஏக்கர் நீர் பரந்திருந்தது என்ற இணைகள் வரிசையாகக் கிடைக்கும். அவற்றிலிருந்து ஏரிப்படுகையின் இன்றைய வடிவத்தையும் கொள்ளளவையும் கணக்கிட்டுவிடலாம். ஆண்டு முழுதும் நீர் நிற்கும் பெரிய அணைகளில் அடிப்பகுதி மறைந்தே இருக்கும். நம் ஏரிகள் வற்றுவது, இந்த ஒரு வகையில், அளப்பவருக்குச் சாதகம்.

இருந்தாலும் செயற்கைக்கோள் மட்டும் போதாது என்பதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அது 21 நாள் சுழற்சியில் வருவது. இரண்டே நாளில் கொட்டித் தீர்க்கும் புயல் மழையை அது கண்காணிக்க முடியாது. சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த நீர்ப்பரப்பை ரேடார் சரியாகப் பிரித்தறிவதும் கடினம். நிலத்தடி நீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். புவியீர்ப்பு மாற்றத்தை அளந்த ‘கிரேஸ்’ செயற்கைக்கோள்கள், 2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், பஞ்சாப், அரியானா பகுதி ஏறத்தாழ 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்ததைக் காட்டின. ஆனால் அவற்றின் பார்வை பல நூறு கிலோமீட்டர் பரப்பின் சராசரி. கடினப்பாறைப் பகுதியே மிகுந்த தமிழ்நாட்டில் அடுத்தடுத்த கிணறுகளின் நீர்மட்டமே வேறுபடும்போது, தரையில் அளக்காமல் தீராது.

ஆகவே அரசு ஏரிதோறும் மதகருகே அளவுகோலை நிறுவி, அதன் பூஜ்ஜியக் குறி கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்று குறித்து, அன்றாட அளவைப் பொதுவெளியில் வைக்க வேண்டும். அப்போதுதான் விண்ணிலிருந்து வரும் அளவைத் தரையளவோடு ஒப்பிட்டுத் திருத்த முடியும். பெரிய ஏரிகளைத் தூர்வார ஒப்பந்தப்புள்ளி கோருமுன் ஒருமுறையும், பணி முடிந்து ஏரி ஒருமுறை நிரம்பி வற்றிய பின் மறுமுறையும் இவ்வாறு கணக்கிட்ட கொள்ளளவை வெளியிட்டால், எவ்வளவு மண் வெளியேறியது என்பதை ஆயக்கட்டு விவசாயிகளே சரிபார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்.