ஊத்தங்கரை "படிச்சவங்க நோட்டு" காஞ்சு வந்துருச்சு, எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரிதான் ஏழாவது நோட்டும் காஞ்சு கைக்கு வந்துச்சு, அதான் தூக்கம் வராம உக்காந்து எழுதுறேன். எங்க வாடகை நாவல் கடைக்குள்ள வெள்ளம் ஏறி நோட்டெல்லாம் நனைஞ்ச அந்த மழையப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, ஊர்ல இருந்தவங்களுக்குத் தெரியும், வெளியூர்ல இருக்கறவங்க டிவில பாத்திருப்பீங்க. கடைக்குள்ள எவ்ளோ உயரம் நின்னுச்சு, ஜெராக்ஸ் மெஷின் என்னாச்சுன்னு யாரும் கேக்காதீங்க, அதப் பேச இன்னும் தெம்பு வரல.

நோட்டப் பத்தி தெரியாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வார்த்த. அப்பா வாடகைக்கு நாவல் குடுக்க ஆரம்பிச்சப்பவே மேசைல ஒரு நீட்டு நோட்டு போட்டு வச்சாரு, புக்க திருப்பிக் குடுக்கறவங்க நாலு வரி எழுதிட்டுத்தான் அடுத்தத எடுக்கணும், புடிச்சுதா, புடிக்கலன்னா ஏன், வேற யாருக்குக் குடுக்கலாம், அவ்ளோதான். அப்படியே ஏழு நோட்டு ஆயிருச்சு. மோகமுள்ல யமுனா பாபுவவிட பத்து வயசு மூத்தவ, அது சரியா தப்பான்னு ரெண்டு பக்கம் முழுக்க ஆறு பேர் சண்ட போட்டிருக்காங்க, ஆறுமே பொம்பளைங்க கையெழுத்து. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகத்தையும் ஒரே மாசத்துல முடிச்ச காலேஜ் பையன் ஒருத்தன் "கரிகாலன யாரு கொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் நேரா சொல்லவே இல்ல, கல்கி இப்படி பண்ணலாமா"ன்னு கோவமா எழுதிருப்பான், அதுக்குக் கீழயே எங்க தமிழ் வாத்தியார் "தம்பி, உடையார்குடி கல்வெட்டுல பேரு இருக்கு, தேடிப் படி"ன்னு இங்க் பேனால அழகா எழுதிருப்பாரு. புக்கு போச்சுன்னா கடன வாங்கியாவது வாங்கிக்கலாம். இத எங்க போயி வாங்குறது?

தண்ணி வடிஞ்ச அன்னிக்கு எல்லாத்தையும் ரோட்டோரம் குமிச்சுப் போட்டிருந்தேன், குப்ப வண்டி வந்தா ஏத்திரலாம்னு மனசு விட்டுப்போச்சு. சேறு அள்ள கூலிக்கு வந்த அக்கா ஒருத்தங்க, சிங்காரப்பேட்ட பக்கத்துக்காரங்க, பேரு போட வேணாம்னு சொல்லிட்டாங்க, அவங்க அந்தக் குமியலப் பாத்துட்டு மம்பட்டிய கீழ வச்சுட்டாங்க. ஒரு நோட்ட எடுத்து, "கடன் நோட்டா பாப்பா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, படிச்சவங்க எழுதுனதுன்னேன். "அப்ப ஏன் குமிச்சு வச்சிருக்க? ஈரப் புளியக் குமிச்சு வச்சா பூசணம் புடிச்சிரும், பரத்தித்தான் போடணும்"னாங்க.

அந்தக்கா புளி சீசன்ல கொட்ட எடுக்கப் போறவங்க. அவங்க வேல செய்யற புளி மண்டி மாடில தண்ணி ஏறல, கரண்ட்டும் சீக்கிரம் வந்துருச்சு. மண்டிக்காரர் கிட்ட அவங்களே போயி கேட்டு, ஏழு நோட்டையும் அன்னக்கூடைல வச்சு தலைல தூக்கிட்டுப் போனாங்க. பதினோரு நாள். வேல முடிஞ்சு சாயங்காலம் வந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் உக்காருவாங்க. ஒட்டிக்கிட்ட தாள இழுத்தா கிழியுதுன்னு வெளக்கமாத்துல ஒரு மெல்லிசு குச்சிய உருவி, ஓரத்துல நுழைச்சு, விரலால மெதுவா உருட்டிக்கிட்டே உள்ள கொண்டு போவாங்க, தாள் அதுவா விட்டுக் குடுக்கும். அஞ்சு தாளுக்கு ஒரு பேப்பர் வைக்கிறது, அது ஈரம் இழுத்ததும் எடுத்துட்டு வேற வைக்கிறது. புளி வேலைல வெடிச்ச விரல்நுனி அது, ஆனா ஒரு தாள்ல கூட கீறல் இல்ல. நான் நடுவுல ரெண்டு நாள் போகவே இல்ல, எனக்கு அந்த நாத்தத்த தாங்க முடியல, அவங்க ஒரு நாளும் விடல. கூலின்னு குடுக்கப் போனப்ப "சேறு அள்ளுனதுக்குத்தான் வாங்கிட்டனே"ன்னுட்டாங்க.

அஞ்சாம் நாளோ ஆறாம் நாளோ போனப்ப வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்காங்களாம். "பாப்பா, உப்பளத்துல வேல செய்யற பொம்பளைங்க கதைன்னு இந்த நோட்டுல ஒரு நர்சம்மா எழுதிருக்கு, கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கும்னு போட்டிருக்கே, அந்த புக்கு இருக்கா?" ராஜம் கிருஷ்ணனோட கரிப்பு மணிகள். 1979ல வந்தது, அந்தம்மா தூத்துக்குடி உப்பளத்துக்கே போயி அந்த ஜனங்களோட பழகி எழுதுனது. கடைல இருந்த ஒரே காப்பி சேத்தோட போயிருச்சு. எனக்கு வாயத் தொறக்க முடியல.

அன்னிக்கு ராத்திரி குரூப்ல அத மட்டும்தான் கேட்டேன், மூணாம் நாள் மூணு காப்பி வந்துச்சு. அனுப்புன மூணு பேரும் பேரு எழுதல, நீங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும்.

மத்தவங்களையும் சொல்லணும். வெயில்ல போடாத, தாள் நெளிஞ்சுரும், ரெண்டே நாள்ல பூசணம் வந்துரும், முடியாதத எல்லாம் உடனே ப்ரீசர்ல வைன்னு போன்லயே வழி சொன்ன கிருஷ்ணகிரி லைப்ரரியன் சார், அவர் சொன்னத நம்பி ஐஸ்கிரீம் பெட்டியக் காலி பண்ணிக் குடுத்த பாய், ஊரே நனைஞ்சு கெடந்தப்ப காஞ்ச பழைய பேப்பர் ரெண்டு மூட்டை டிவிஎஸ் 50ல கட்டிட்டு வந்த அரூர் தம்பிங்க, சாமல்பட்டி ஸ்டேஷன்ல அட்டப்பெட்டி எறக்கிட்டுப் போன பெங்களூரு நண்பருங்க, கல்லாவி, மத்தூர் வாசகருங்க, உங்க எல்லாருக்கும் இந்தக் கடை கடன்பட்டிருக்கு.

ஒண்ணு மட்டும் போச்சு. பால்பாயின்ட் பேனால எழுதுனது எல்லாம் நின்னுருச்சு, இங்க் பேனா எழுத்து கரைஞ்சிருச்சு. வாத்தியார் எழுதுன எடம் இப்ப வெறும் நீலக் கற. அந்தக்கா அந்தப் பக்கத்தத் தொறந்து காட்டி, "இது மட்டும் என்னால முடியல பாப்பா"ன்னு தப்பு செஞ்ச மாதிரி நின்னாங்க. சார் போயி நாலு வருசம் ஆச்சு. அந்தப் பையன் இப்ப ஓசூர்ல வேலைல இருக்கான், போட்டோ அனுப்புனதும் போன் பண்ணான், சார் எழுதுன வரி ஒரு எழுத்து விடாம அவனுக்கு ஞாபகம் இருந்துச்சு. போன ஞாயித்துக்கிழம பஸ் ஏறி வந்து, கறைக்குப் பக்கத்துல அவன் கையாலயே எழுதிட்டு, சார் பேரையும் போட்டுட்டுப் போனான்.

கடை எப்ப தொறப்பேன்னு தெரியல. ஆனா எட்டாவது நோட்டு வாங்கிட்டேன், பொங்கலுக்கு மேசைல இருக்கும், கூட நூல்ல கட்டுன ஒரு பால்பாயின்ட் பேனாவும். நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்த நோட்டு கீழ் தட்டுல இருக்காது. மொதப் பக்கத்த யாரும் எழுதாதீங்க. அக்கா கரிப்பு மணிகள்ல அறுபதாவது பக்கத்துல இருக்காங்க, அதுல வர்ற பொன்னாச்சிய நெனச்சா தூக்கம் வரலன்னு நேத்து சொன்னாங்க. முடிச்சதும் நாலு வரி எழுதணும்னு சொல்லிருக்கேன், நாலு வரி பத்தாதுன்னுட்டாங்க.